குவைத் சண்டையும் ஏழு மாட்டுச் சாணியும்

சாண எரிவாயுக்காரன் ஊருக்குள் நுழைந்தால் நாய்கூடக் குரைக்காது. அவன்மேல் அடிக்கிற வாசனை அதற்கு ஏற்கெனவே பழக்கமான வாசனைதான்.

அப்படி ஒரு குரைப்புக்கூட வாங்காமல் பாபநாசத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வருஷக்கணக்காகச் சைக்கிள் மிதித்தவன் நான். பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் எனக்கு நீளமான ஒரு பதவிப் பெயர் இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் வெற்றிலையை மென்று துப்பிவிடுவார். ஆகையால் ஊரார் சுருக்கமாகச் ‘சாணி சார்’ என்று வைத்துவிட்டார்கள். மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, மண்ணுக்கடியில் கட்டிய கலனுக்குள் விட்டால் வாயு வரும், அதைக் குழாய் வழியாக அடுப்புக்குக் கொண்டுபோய்ச் சமைக்கலாம், புகை கிடையாது, விறகு வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வது என் உத்தியோகம். வருஷத்துக்கு இத்தனை கலன் கட்டியே ஆகவேண்டும் என்று மேலிருந்து இலக்கு வரும். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடித்தவர்கள், சிறுசேமிப்புக்கு ஆள் பிடித்தவர்கள், மார்ச் மாதம் பிறந்தால் சாப்பாடு இறங்காதவர்கள், உங்களுக்கெல்லாம் நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி.

நான் சொல்லப்போவது குவைத்தில் சண்டை மூண்ட வருஷத்துச் சங்கதி. ஆடி மாதம் அங்கே பட்டாளம் புகுந்தது. ஆவணியில் எங்கள் ரேஷன் கடை மண்ணெண்ணெய்ப் பேரல் காலியானது. டீசல் பங்க்கில் கேன்கள் வரிசை கட்டின. சிலிண்டருக்குப் பதிந்தவர்கள் பதிந்த தேதியையே மறந்துபோனார்கள். அதுவரை என்னைக் கண்டால் கொல்லைப்பக்கமாகப் போய்விடுகிறவர்கள், “சார், ஒரு வாய் காபி சாப்பிட்டுட்டுப் போங்க” என்று வாசலில் வந்து மறித்தார்கள். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வெளிநாட்டு எண்ணெயை நம்பி இருக்காதே, உள்ளூர் எரிபொருளைப் பெருக்கு, இலக்கு இரண்டு மடங்கு. மாடுகள் மட்டும் பழைய எண்ணிக்கையிலேயே இருந்தன.

கொம்பு உடைந்த பசு

மானியத்தோடு கலன் கட்டவேண்டுமானால் வீட்டில் நாலு மாடாவது இருக்கவேண்டும் என்பது விதி. மாட்டை என் கண்ணால் பார்த்து, எண்ணி, படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். பாபநாசத்திலிருந்து சைக்கிளில் அரை மணி நேரத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் சம்பந்தி வீடு இருக்கிறது. அந்த ஊரில் மூன்று விண்ணப்பங்கள் ஒரே நாளில் வந்திருந்தன. காலையில் முதல் வீட்டுக்குப் போனேன். நாலு மாடு. அதில் ஒரு சிவப்புப் பசுவுக்கு இடது கொம்பு பாதியில் உடைந்திருந்தது. காபி குடித்து, குழி வெட்ட இடம் பார்த்து, அரை மணி நேரம் கழித்து இரண்டாவது வீட்டுக்குப் போனேன். அங்கேயும் நாலு மாடு. அதிலும் ஒரு சிவப்புப் பசு, இடது கொம்பு உடைந்தது. கொம்பு உடைகிற சீக்கு ஏதும் ஊரில் பரவியிருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

மூன்றாவது வீட்டில் நான் போய் நின்றபோது மாடு இன்னும் வந்து சேரவில்லை. மூன்று மாடுதான் கட்டியிருந்தது. கொல்லைக் கதவு திறந்து, அந்தப் பசு மூச்சு வாங்க உள்ளே வந்தது. என்னைப் பார்த்ததும் அதுவே ஒரு கணம் தயங்கி நின்றது. நான் படிவத்தை மூடினேன். வீட்டுக்காரருக்கு முகத்தில் ஒரு துளி கூச்சம் இல்லை. மாட்டை முளையில் கட்டிவிட்டு, கையை உதறிக்கொண்டு சொன்னார்: “மாடு ஒண்ணுதான் சார், இல்லேங்கல. ஆனா மூணு வீட்டு வைக்கோலயும் அது தின்னுருக்கு. சாணி மட்டும் ஒரு வீட்டுக்குத்தான்னா அது என்னா சார் நியாயம்?”

எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்தவர்

இலக்கு இரட்டிப்பானதும் எனக்குக் குழாய் பொருத்த ஆள் போதவில்லை. அப்போதுதான் ஹாஜா வந்து சேர்ந்தார். பாபநாசத்தையொட்டிய ஊர்க்காரர். எட்டு வருஷம் குவைத்தில் எண்ணெய்க் குழாய் ஃபிட்டராக இருந்தவர். சண்டை வந்ததும் கட்டின துணியோடு பாலைவனம் தாண்டி, முகாமில் கிடந்து, பிளேன் ஏறி வீடு வந்தவர். வந்த மறுநாளே அம்மா அவர் கையில் ரேஷன் கார்டையும் ஒரு பிளாஸ்டிக் கேனையும் கொடுத்து மண்ணெண்ணெய் வரிசைக்கு அனுப்பிவிட்டார். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் அவர்தான். கால் கடுக்க நின்று, எங்களுக்கு இரண்டு ஆள் முன்னால் இருக்கும்போது கடைக்காரர் பேரலைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார். ஹாஜா சிரிக்க ஆரம்பித்தார். தோளில் கை வைத்து என்ன என்று கேட்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தேன்.

குழாய் வேலை தெரியும் என்றதும் அங்கேயே அவரை வளைத்துப் போட்டேன். நான்கு நாள் என்னோடு சுற்றி, எங்கள் கலன், வால்வு, அடுப்பு எல்லாவற்றையும் பார்த்தார். அங்கே ஆள் உள்ளே நுழைந்து நடந்துபோகிற பருமனில் குழாய் பார்த்தவருக்கு எங்கள் கட்டைவிரல் குழாயைக் கண்டால் கேலியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஒரு இணைப்பில்கூடக் கசிவு விடமாட்டார். சோப்பு நுரை தடவி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலக் குனிந்து பார்ப்பார். வேலை நிரந்தரமா என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. முதல் வாரம் முடிந்து சைக்கிளில் திரும்பும்போது கேட்டது வேறு கேள்வி: “அங்க எண்ணெக்காகத் தொரத்துனாங்க சார், ஓடியாந்துட்டேன். இங்க சாணிக்காக ஒருத்தரும் தொரத்த மாட்டாங்கல்ல?”

பால் பொங்கிய அடுப்பு

அந்த வருஷம் நான் கட்டியதிலேயே பெரிய கலன் பண்ணை சிவக்கொழுந்து வீட்டுக் கலன்தான். ஏர்மாடு நாலு, பால்மாடு மூன்று, ஆக ஏழு மாடு. யாரிடமும் கடன் வாங்காத, கொம்பு உடையாத மாடுகள். பண்ணைக்கு உலகச் செய்தியில் பித்து. ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூட அட்லசை மடியில் விரித்து, பட்டாளம் எங்கே நிற்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருப்பார். “இனிமே நம்ம கையில இருக்கறதுதான் நமக்கு” என்று சொல்லித்தான் கலனுக்கே ஒப்புக்கொண்டார். புதுக் கலனை முதலில் நிரப்ப ஏழு மாட்டுச் சாணி போதாது. வண்டி வண்டியாக வேண்டும். அந்த வீட்டு மாட்டுக் கொட்டில் கூட்டுகிற அஞ்சலைதான் தன் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு வீட்டுக் குப்பையிலிருந்தும் கூடை கூடையாகச் சுமந்து கொட்டினாள். பண்ணை வீட்டு விசேஷம் என்று சந்தோஷமாகவே செய்தார்கள்.

திறப்பு விழாவுக்குப் பண்ணையின் மனைவி தனபாக்கியம் அம்மாள் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்துவிட்டார். நான் முட்டிக்கொண்டேன். முதலில் வருகிற வாயு எரியாது, அதைத் திறந்துவிட்டுவிட்டு இன்னும் சில நாள் பொறுக்கவேண்டும் என்றேன். “நாளு நமக்காகக் காத்திருக்குமா?” என்று கேட்டுவிட்டார். எங்கள் யூனியன் அதிகாரி பி.டி.ஓ. வந்தார், மாவிலைத் தோரணம், அடுப்புக்குச் சந்தனப் பொட்டு, வெள்ளிச் செம்பில் பால். பி.டி.ஓ. தீக்குச்சியைக் கிழித்து அடுப்பில் காட்டினார். ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், குச்சி அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது. அரைப் பெட்டி குச்சி தீர்ந்தபோது, நல்ல நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருந்தது. பண்ணை கண்ணைக் காட்டினார். தனபாக்கியம் அம்மாள் செம்போடு கொல்லைக்குப் போனார். அங்கே அஞ்சலை மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச காய்ந்த சாணி விராட்டி போட்டு மூட்டியிருந்த கல் அடுப்பில் பாலை வைத்தார்கள். இரண்டே நிமிஷத்தில் பொங்கியது. பொங்கிய பாலை முன்னால் கொண்டுவந்து வாயு அடுப்பின்மேல் வைத்ததும் எல்லோரும் கைதட்டினார்கள், போட்டோவும் எடுத்தார்கள். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கொல்லைப்பக்கம் ஒதுங்கினேன். அஞ்சலை விராட்டிச் சாம்பலைக் கிளறிவிட்டுக்கொண்டே கேட்டாள்: “பாலு பொங்குனது என் விராட்டியிலங்க சார். கைதட்டு மட்டும் அதுக்கா?”

மார்கழி வாசல்

நாலு நாளில் வாயு சரியாக வந்தது. எங்கள் தொழிலில் ஒரு சந்தோஷம் உண்டென்றால் அது இதுதான்: அடுப்பைத் திருகி, குச்சியைக் காட்டினால், சத்தமில்லாமல் வட்டமாக ஒரு நீலச் சுடர் எழும். தனபாக்கியம் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். இருபது வருஷமாகப் புகையில் துடைத்த கண்ணை அன்றைக்குப் புகையில்லாமல் துடைத்தார். அவருக்கு இருந்த இருமல் கார்த்திகை முடிவதற்குள் நின்றேபோனது. இதை நான் ஆபீசுக்காகச் சொல்லவில்லை, கண்ணால் கண்டது. கொட்டில் கூட்ட வந்த அஞ்சலையும் சமையலறை ஜன்னல் வழியாக அந்தச் சுடரை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் மார்கழி பிறந்தது. குளிர் வந்தால் கலனுக்குள் வாயு ஊறுவது குறையும். அது ஒரு பக்கம். எங்கள் பக்கத்து மார்கழியை ஆபீஸ் சுற்றறிக்கை எழுதியவர் அறியமாட்டார். விடிந்ததும் வாசலுக்குச் சாணி தெளிக்கவேண்டும், ஒருநாளும் தவறக்கூடாது. கோலத்துக்கு நடுவில் பூசணிப்பூ வைக்கச் சாணி உருண்டை வேண்டும்; கோலம் பெரிதாகப் பெரிதாக உருண்டையும் கூடும். தை அறுப்புக்கு முன்னால் களம் மெழுக வேறு சாணி வேண்டும். கோடையாக இருந்தால் மாடு தரிசில் மேயும், போட்ட இடத்தில் யார் வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்வார்கள். இப்போது வயலெல்லாம் சம்பாப் பயிர் நிற்கிறது, மாடு கொட்டிலில் நிற்கிறது, சாணி முழுக்க மாட்டுக்காரர் வீட்டுக்குள் விழுகிறது. வாயு குறைந்து மத்தியானச் சோறு பாதி வேக்காட்டில் நிற்க, தனபாக்கியம் அம்மாள் குரல் கொடுக்க, பண்ணை அட்லசிலிருந்து தலையைத் தூக்கினார்.

கொட்டில் கூட்டுகிறவளுக்குத் தினமும் இரண்டு கூடைச் சாணி என்பது அந்த வீட்டு வழக்கம். எந்தக் காகிதத்திலும் கிடையாது. அஞ்சலையின் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். அதை விராட்டியாகத் தட்டித்தான் அஞ்சலை வீட்டு அடுப்பு எரிந்தது. பண்ணை அன்றைக்கே உத்தரவு போட்டார்: ஒரு கைப்பிடிச் சாணி வெளியே போகக்கூடாது. கலனைக் கட்டின பாவத்துக்கு நான் போய், “ஐயா, அவங்க வீட்டுல மண்ணெண்ணெயும் இல்லையே” என்று இழுத்தேன். பண்ணை அட்லசை என் பக்கம் திருப்பி விரலால் தட்டினார்: “ஒலகம் பூரா அவனவன் சரக்க அவனவன் பூட்டி வச்சுக்குறான். நான் பூட்டுனா மட்டும் ஒங்களுக்குக் குத்துதா?”

கலவைத் தொட்டி

மறுநாள் அஞ்சலை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சண்டை போடவில்லை, கத்தவில்லை, துடைப்பத்தைக் கொட்டில் மூலையில் சாத்திவிட்டுப் போனவள்தான். வேறு ஆள் தேடினார்கள். அந்தத் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒருத்தி கூட்டுகிற கொட்டிலில் இன்னொருத்தி துடைப்பம் தொடமாட்டாள். ஒருத்தரும் வரவில்லை. இப்போதுதான் பண்ணைக்கு ஒரு விஷயம் புரிந்தது; எனக்கும் அப்போதுதான் புரிந்தது. கலன் தானாகச் சாணி தின்னாது. தினமும் விடியற்காலையில் ஒருத்தர் அந்த ஏழு மாட்டுச் சாணியையும் அள்ளி, கலவைத் தொட்டியில் போட்டு, சமமாகத் தண்ணீர் விட்டு, வைக்கோல் பிசிறைப் பொறுக்கி, கட்டியில்லாமல் கையால் கரைத்து உள்ளே விடவேண்டும். என் விளக்கப் படத்தில் அது ஒரு சின்ன அம்புக்குறி. அந்த அம்புக்குறிதான் அஞ்சலை.

பண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூங்கில் கழியோடு இறங்கினார். கழியால் கிண்டினார். கட்டி கட்டியாக உள்ளே போய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தனபாக்கியம் அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்து, “கையால கரைங்கன்னா கரைங்களேன், பாயசத்துக்கு முந்திரி போடுற மாதிரி என்னா நோக்காடு?” என்றார். பண்ணை முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கலன் நின்றுபோனால் பதிவேட்டில் ‘இயங்காத கலன்’ என்று சிவப்பு மையில் ஏறும். அது என் பெயருக்கு எதிரில் ஏறும். வேறு வழியில்லாமல் நானும் ஹாஜாவும் கையை முழங்கை வரை சாணியில் விட்டுக் கரைத்தோம். மூன்று நாள் கரைத்தோம். எத்தனை சீயக்காய் போட்டாலும் சோற்றில் கை வைக்கும்போது அதே வாசனை. மூன்றாம் நாள் வாய்க்கால் படித்துறையில் உட்கார்ந்து மணலால் கையைத் தேய்த்துக்கொண்டே ஹாஜா சொன்னார்: “பாலைவனத்துல பல நாளு குளிக்காம கெடந்தேன் சார். அப்பகூட நான் இப்புடி நாறல. இத அந்தம்மா தெனம் செஞ்சிருக்கு, நாம பேருகூடக் கேக்கல.”

தாசில்தார் முன்னிலையில் சாணி

தை பிறந்தது. சம்பா பழுத்து நின்றது. ஒவ்வொரு வருஷமும் அறுப்புக்கு முன்னால் கூலி பேச தாலுகா ஆபீசில் முத்தரப்புப் பேச்சுவார்த்தை நடக்கும். நிலக்காரர்கள் ஒரு பக்கம், விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒரு பக்கம், நடுவில் தாசில்தார். அறுக்கிற ஒரு கலம் நெல்லுக்குக் கூலி எத்தனை மரக்கால் என்று இழுபறி நடந்து, டீ குடித்து, ஒருவரை ஒருவர் பழைய சண்டை சொல்லித் திட்டி, சாயங்காலம் கையெழுத்தாகும். அந்த வருஷம் சங்கத்தின் கோரிக்கைத் தாளில் கடைசியாக ஒரு வரி சேர்ந்திருந்தது: கொட்டில் கூட்டுகிறவர்களுக்கு வழக்கப்படி தினம் இரண்டு கூடைச் சாணம். தாசில்தார் முதலில் சிரித்தார். சங்கத்துச் செயலாளர் சிரிக்கவில்லை. களம் மெழுகவும் பெண்கள் வரமாட்டார்கள், கதிர் அறுக்கவும் வரமாட்டார்கள் என்றார். பழுத்த நெல் வயலில் உதிர ஆரம்பித்தால் அப்புறம் சிரிக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று தாசில்தாருக்கும் தெரியும்.

சாணி எந்த இலாகா என்று முதலில் பார்க்கவேண்டியதாயிற்று. எரிபொருள் என்பதால் சிவில் சப்ளை அதிகாரியைக் கேட்டார்கள். தன்னிடம் மண்ணெண்ணெய் மட்டும்தான், அதுவும் இப்போது இல்லை என்றார். விவசாய அதிகாரி, மக்கி எருவான பிறகுதான் தன் பொறுப்பு என்றார். கால்நடை டாக்டர் ரொம்ப நாசூக்காக, “மாட்டுக்குள்ள இருக்கறவரைக்கும் என்னது சார், விழுந்துட்டா நான் சம்பந்தப்பட மாட்டேன்” என்றார். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, மாடு தினமும் எவ்வளவு சாணி போடும், கலனுக்கு எவ்வளவு போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, சென்னையில் ஆட்சியையே கலைத்துவிட்டார்கள் என்று பக்கத்து அறை ரேடியோவில் சேதி வந்தது. தாசில்தார் பேனாவை மூடிவைத்துவிட்டு நெற்றியைத் தடவினார். மேலே எழுதிக் கேட்கலாம் என்றால் மேலே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

பண்ணை விடவில்லை. “மாடு என்னுது, வைக்கோலு என்னுது, கொட்டில் என்னுது. சாணி மட்டும் எப்புடி அவளுதாவும்?” என்றார். அஞ்சலை ஆபீஸ் சுவரையொட்டி நின்றுகொண்டிருந்தாள். முன்னால் வரச் சொன்னார்கள். வந்தாள். “வைக்கோலு யாரு அறுத்த கதிருங்க?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் அவளே மேலே பேசினாள். மத்தியானம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கவர்ன்மென்ட் சோறு போட்டுவிடுகிறது, ராத்திரிக்கு அவள்தானே போடவேண்டும்? வீட்டில் அரிசி இருக்கிறது, பொங்க அடுப்பில்லை. இருபது நாளுக்கு மேலாகப் பனை மட்டையும் எருக்கங்குச்சியும் வைத்துப் பாதி வெந்ததைப் போடுகிறாள். சின்னதுக்கு வயிற்றுப்போக்கு. இதை அவள் அழாமல் சொன்னாள். அந்தப் பிள்ளையின் சோற்றை வேகவிடாமல் செய்த கலனில் என் கையெழுத்து இருந்தது. நான் கணக்காகப் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, “ரெண்டு கூடை கொடுத்தாலும் காலைச் சமையலுக்கு வாயு வரும்யா, நான் பொறுப்பு” என்று பண்ணையிடம் சொல்லிவிட்டேன். என் இலக்கு என்னாவது என்று அப்போது தோன்றவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கலைந்தபோது பண்ணை வீட்டுக்குச் சாப்பிடப் போனார். அங்கே நடந்ததைக் குழாய் அடைப்பு பார்க்கப் போயிருந்த ஹாஜா கேட்டுக்கொண்டு வந்தார். கொட்டில் நாறுகிறது, அஞ்சலை கை படாததால் பால்மாடு உதைக்கிறது, தனக்குக் காலையில் அடுப்பு எரிந்தால் போதும், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால்தான் ராத்திரிக்குச் சோறு என்று தனபாக்கியம் அம்மாள் இலையைப் போடாமலே சொல்லிவிட்டாராம். பண்ணை பசியோடு திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். தாசில்தார் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை முழுக்கப் படித்தார்: “பட்டாவுக்குப் போட்டுருக்கேன், வாரிசுக்குப் போட்டுருக்கேன், வாய்க்காத் தகராறுக்குப் போட்டுருக்கேன். சாணிக்குப் போடறது இதான் மொதத் தடவ. எவனாவது ரிட்டயர்மெண்டுல இத எடுத்துப் படிச்சா நான் என்னா பதில் சொல்றது?”

விண்ணப்பம்

அறுப்பு நல்லபடியாக முடிந்தது. குவைத்திலும் சண்டை ஓய்ந்தது. மண்ணெண்ணெய் பழையபடி அளவாக வர ஆரம்பித்தது. எனக்கு ஒரு மெமோவும் வந்தது. பெரிய கலன் முழுத் திறனில் இயங்கவில்லை, காலையில் மட்டும் எரிகிறது, ஏன், விளக்கம் தருக. என்ன எழுதுவது என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பண்ணை வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தேன். தெருமுனையில் அஞ்சலை நிறுத்தினாள். அவள் வீட்டுச் சுவர் முழுக்க விராட்டி தட்டியிருந்தது, ஐந்து விரலும் பதிந்து. உள்ளே அடுப்பு எரிந்தது. வாசல் வரை புகை. பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள். சின்னதுக்கு வயிறு சரியாகிவிட்டதாம். அவளுக்குத்தான் இருமல் பிடித்திருந்தது.

எனக்கு நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்னது வேறு. “அந்த நீல அடுப்ப நான் பாத்தேங்க. பொகையே இல்ல. ஒங்க அடுப்பு மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல சார். அது பத்துனா எங்களுது அணையுது, அதான். என் வூட்டுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க” என்றாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் தானாக வந்து, காபி கொடுக்காமல், மாடு கடன் வாங்காமல் கலன் கேட்டது அவள் ஒருத்திதான். அந்தத் தாலுகாவில் அவளை விடக் கலனை ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவரும் கிடையாது. நான் பையிலிருந்து படிவத்தை எடுத்து, சைக்கிள் சீட்டில் வைத்து எழுத ஆரம்பித்தேன். பெயர், கணவர் பெயர், தெரு. நாலாவது கட்டத்தில் வந்து பேனா நின்றது. சொந்த மாடுகள் எத்தனை? நான் தயங்குவதைப் பார்த்து அவளே எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது, ஆனால் எந்தக் கட்டம் என்று தெரிந்துவிட்டது. “எளுதிக்கங்க சார், நான் சொல்றேன். அள்ளுறது ஏழு மாட்டுச் சாணி. கட்டிருக்கறது ஒண்ணுமில்ல.”

நான் அப்படியே எழுதி அனுப்பினேன், விதிப்படி திரும்பி வந்தது. இப்போதும் எங்கோ எண்ணெய்க்காகச் சண்டை மூண்டு, டி.வி.யில் நாலு பேர் கோட்டுப் போட்டு உட்கார்ந்து இனி எல்லாம் மாற்று எரிசக்திதான் என்று பேசும்போதெல்லாம் நான் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிங்க, சாணி அள்ளுறது யாரு?” என்று பெட்டியைப் பார்த்துக் கேட்கிறேன், வீட்டில் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.